கில்ன் ஒருநாளும் அணையவில்லை

என் வழியனுப்பு விழாவில் சிரித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நான் வெளியே வந்த அன்று, ஆலையின் கேண்டீன் ஹாலில் மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். பர்சனல் ஆபீசர் பேசினார். எனக்கு வெகுகாலம் பின்னால் வேலைக்கு வந்தவர், நல்ல மனிதர்தான். பேச்சின் நடுவே, "தனலட்சுமி அம்மாவைச் சாதாரணமா நெனச்சிடாதீங்க. எரியற கில்னையே ஒத்தை விரலால ஐஸ் ஆக்கினவங்க!" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. ஒருவர் மேசையைத் தட்டினார். நானும் சிரித்து வைத்தேன். சபையில் எழுந்து பேசுகிற தைரியம் எனக்கு என்றுமே வந்ததில்லை.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த சின்னதுரை மட்டும் சிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். லட்டு வாங்கிக்கொள்ளாமலே எழுந்து போனார்.

இப்போது ஓய்வு பெற்றோர் சங்க மலருக்கு, ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார்கள். "தமாஷா இருக்கட்டும்மா, அந்த ஐஸ் விஷயத்தையும் சேத்துக்குங்க" என்றார் மலர் போடும் தம்பி. சேர்த்துக்கொள்கிறேன். தமாஷுக்கு நான் பொறுப்பில்லை.

என் சொந்த ஊர் வேப்பந்தட்டைக்குப் பக்கம். பதினொன்றாம் வகுப்பு முடித்தேன். பெரம்பலூரில் டைப்ரைட்டிங் லோயரும் ஹையரும் பாஸ் செய்தேன். எழுபதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் உள்ள இந்தச் சிமெண்ட் ஆலையில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அரியலூரில் ரயில்வே ஸ்டேஷன் பக்கமாக வாடகை வீடு, அப்பாவும் நானும். பல வருஷம் சாக்குப்பைக்கு ஆர்டர், வேகனுக்கு ஆர்டர் என்று கடிதங்கள் அடித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியாட்களுக்காகக் கில்ன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். படுக்க வைத்த பெரிய இரும்பு உருளை. உள்ளே தீச்செங்கல் பதித்திருக்கும். இரவும் பகலும் சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மாவு போகும், மறு பக்கம் தீ. வெந்து உருண்டையாக விழுவது கிளிங்கர், அதை அரைத்தால் சிமெண்ட். தீயைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பர்னர் என்று பெயர். உள்ளே எவ்வளவு சூடு என்று பார்க்க ஒரு ராடு செருகியிருக்கும். அதிலிருந்து ஒயர் வந்து, சுருள் காகிதத்தில் சிவப்பு மைப் பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். அந்தக் கோடுதான் கிராஃப்.

ராடின் மேல் புழுதி படிந்து இறுகிவிடும். அடிக்கடி அதை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து மறுபடி செருக வேண்டும். அதைச் செய்தவர் ஜமால் பாய், லப்பைக்குடிகாட்டுக்காரர், கருவிப் பிரிவு மெக்கானிக். ராடு வெளியே இருக்கும் நேரம் பேனா நின்றுவிடும், கோடு அறுந்திருக்கும். அந்த வெற்றிடத்தில் ஜமால் பாய் பால்பாயிண்ட் பேனாவால் 'ராடு வெளியே' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பார்த்தவர்களுக்குப் புரிந்தது.

ராடு வெளியே இருக்கும்போது பர்னர் கண் இல்லாதவர் மாதிரி. சூடு எவ்வளவு என்று சொல்ல ஒன்றுமில்லை. நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துத் தீயின் நிறத்தைப் பார்த்தே ஓட்ட வேண்டும். எல்லோராலும் முடியாது. சிலர் பயந்து கரியைக் கூட்டிவிடுவார்கள். அதனால் ஜமால் பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பர்னர் சின்னதுரை ஷிஃப்டுக்கு வரும்வரை காத்திருப்பார். அவர் வந்த பிறகுதான் ராடில் கை வைப்பார்.

"மத்தவனுங்க ஷிஃப்டுல ராடை உருவுனா எனக்குக் கை நடுங்கும்மா. சின்னதுரை இருந்தா அல்லாஹ் மேல பாரத்தைப் போட்டுட்டு டீ குடிக்கவே போயிடுவேன்" என்பார்.

இந்த ஒரு வழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் பின்பாதியில் கம்ப்யூட்டர் வந்தது. ஏசி அறை, செருப்பை வெளியே விட வேண்டும். டைப் தெரிந்தவள் என்று என்னை அங்கே போட்டார்கள். கருவிப் பிரிவு மேனேஜர் மகாதேவன் சாரின் கீழ் வேலை.

ராடின் ஒயரைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, சிவப்பு மைக்குப் பதிலாகத் திரையில் பச்சைக் கோடு வர ஒரு புரோகிராம் வாங்கியிருந்தார்கள். கோடு அழகாக வந்தது. ஆனால் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கோடு வேண்டாம். அவர்களுக்குக் கட்டம் போட்ட அட்டவணையில் எண்கள் வேண்டும். அதற்கு வேறொரு புரோகிராம் இருந்தது. கோடு போடும் புரோகிராம் ஒரு கம்பெனி, கட்டம் போடும் புரோகிராம் இன்னொரு கம்பெனி. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இதிலிருந்து அதற்கு எண்ணைக் கொண்டுபோகும் பாலம் நான்தான்.

கோடு திரையில் வந்ததும், அம்புக்குறி உள்ள சாவியைத் தட்டினால் ஒரு சிறு கம்பி நகரும். கம்பி நிற்கும் இடத்தின் சூடு திரையின் மூலையில் எண்ணாக வரும். மணிக்கு ஓர் இடத்தில் நிறுத்திப் பார்த்து, பென்சிலால் தாளில் எழுதுவேன். ஒரு நாளுக்கு உரியது முடிந்ததும் அந்த ஃபிளாப்பியை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டு, கட்டப் புரோகிராமைத் திறந்து, தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டமாக அடிப்பேன். பக்கத்துக் கட்டத்தில் அந்த ஷிஃப்டின் பர்னர் பெயர். அடித்த பிறகு தாளையும் திரையையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். வாரம் ஒருமுறை ஃபிளாப்பி அட்டைப் பெட்டிக்குள் சென்னைக்கு ரயில் ஏறும்.

திரையில் ஜமால் பாய் பால்பாயிண்ட் பேனாவால் எழுத முடியாது. ராடு வெளியே இருந்த நேரம் கோடு அறுந்திருக்கும், அவ்வளவுதான். அந்தக் கட்டங்களை நான் காலியாக விட்டேன். எனக்குத் தெரியாத எண்ணை நான் எப்படிப் போடுவது?

முதல் அட்டவணையே திரும்பி வந்தது. அச்செடுத்து, காலிக் கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'விடுபட்டவை. பூர்த்தி செய்க' என்று எழுதியிருந்தார்கள். மகாதேவன் சாருக்குப் போனிலும் பேச்சு விழுந்தது.

மகாதேவன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் உரக்கத் திட்டி நான் கேட்டதில்லை. அப்பாவின் இளைப்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். கேட்டால் லீவு கொடுப்பார். பேசும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பார். அதற்கென்றே பையில் ஒரு துண்டு வைத்திருந்தார். எதையும் பென்சிலால்தான் எழுதுவார், குறிப்பு, உத்தரவு, திருத்தம் எல்லாம். மேசையில் எப்போதும் ரப்பர் தூள் கிடக்கும். அவர் மையால் எழுதி நான் பார்த்தது மஸ்டர் ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், கையெழுத்து மட்டும்தான். அது அடக்கம் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்த அட்டவணையை என் மேசையில் வைத்துவிட்டு, "காலியா விடாதம்மா. சைபர் போட்டுடு" என்றார்.

எதிர்த்துக் கேட்பது எனக்குச் சாவுக்குச் சமம். ஆனாலும் கேட்டேன். "சைபர்னா கில்ன் அணைஞ்சுபோச்சுன்னு ஆயிடாதா சார்?"

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "பாக்கறவங்களுக்குத் தெரியாதாம்மா?"

ஜமால் பாய் அப்போது அறையில்தான் இருந்தார், ஒயரை மாட்டிக்கொண்டு. "சார், ராடு வெளியன்னு ஒரு வார்த்தை அடிச்சா என்னங்க?" என்றார்.

"கட்டத்துல எழுத்து வந்தா சராசரி கெட்டுப்போகும் பாய். நீங்க ஒயரைப் பாருங்க."

சைபர் போட்டேன். வாராவாரம் போட்டேன். சென்னையிலிருந்து பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை. மகாதேவன் சாருக்கு அங்கிருந்து பாராட்டுகூட வந்தது, அட்டவணை முழுமையாக இருக்கிறதாம்.

இதற்கிடையில் ஜமால் பாய்க்கு சவூதியில் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் பிரியாணி போட்டுவிட்டுப் போனார். போகும்போது அடுத்த மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டுப் போன ஒரே புத்திமதி, "ராடை உருவறதுன்னா சின்னதுரை ஷிஃப்டுல உருவு" என்பதுதான்.

பிறகு ஒரு நாள் கில்ன் உருளையின் ஓரிடத்தில் வெளித்தகடு பழுத்துச் சிவந்தது. உள்ளே தீச்செங்கல் பெயர்ந்து விழுந்திருந்தது. ஆலையை நிறுத்தினார்கள். புதுச் செங்கல் பதித்து மறுபடி பற்றவைக்கும்வரை உற்பத்தி இல்லை. பெரிய நஷ்டம். சென்னையிலிருந்து காரணம் கேட்டார்கள். கில்ன் அடிக்கடி குளிர்ந்து, அடிக்கடி சூடேறினால் செங்கல் விரிசல் விட்டு விழும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சென்னையில் யாரோ என் அட்டவணையைப் புரட்டியிருக்கிறார். சைபர், சைபர், சைபர். பக்கத்துக் கட்டத்தில் சின்னதுரை, சின்னதுரை, சின்னதுரை. வேறு எந்தப் பர்னர் பெயருக்கு எதிரிலும் சைபர் இல்லை.

ஆலையிலேயே கெட்டிக்காரப் பர்னர் என்பதால் அவருக்குச் சேர்ந்த சைபர்கள் அவை. அதற்காகவே அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை நேரத்தில் தூங்கி, கில்னைத் திரும்பத் திரும்ப அணையவிட்டார் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் டிஸ்மிஸ்.

அந்தச் செங்கல்லை வாங்கியது யார், என்ன தரத்தில் வாங்கினார்கள் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

விசாரணைக்குத் திருச்சியிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். பேப்பர் எடுத்துக்கொடுக்க என்னையும் கூப்பிட்டு மூலையில் உட்கார வைத்திருந்தார்கள். சின்னதுரை வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வாலிகண்டபுரத்துக்காரர். அவருடைய அப்பா ஊரில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்தான்.

வக்கீல் அட்டவணையைக் காட்டி, "இதுக்கு என்னய்யா சொல்றே?" என்றார்.

"சார், சைபர் டிகிரின்னா ஐஸுங்க. கில்ன் அணைஞ்சு கெடந்தாக்கூட நம்மூரு வெயிலுக்கு நாப்பது காட்டுமே சார். நான் கில்ன் ஓட்டினனா, குச்சி ஐஸ் ஃபேக்டரி ஓட்டினனா?"

எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மகாதேவன் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் வக்கீல், எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கிடம், "அதை எழுதாதே" என்றார்.

"அணைஞ்சிருந்தா கிளிங்கர் எங்கேருந்து சார் விழுந்துச்சு? அன்னன்னிக்கு லோடு போயிருக்கே!"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு. இந்த எண்ணு உன் பேருக்கு நேரா இருக்கா இல்லையா?"

"இருக்குங்க."

எனக்கு இன்றும் ரத்தம் கொதிப்பது அங்கேதான். கில்ன் அணையவில்லை என்பது அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். யாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை. எதிர்க் கட்டடத்தில், என் பீரோவில், பச்சைக் கோட்டின் ஃபிளாப்பிகள் அத்தனையும் இருந்தன. போட்டுப் பார்த்தால் கோடு அறுந்திருப்பது குழந்தைக்கும் தெரியும். ராடு சின்னதுரை ஷிஃப்டில்தான் வெளியே வரும் என்பது கேட் வாட்ச்மேனுக்கும் தெரியும். ஆனால் எண் சென்னைக்குப் போய்விட்டது. அதில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார்கள். இனி அது தப்பு என்றால், யாரோ ஒரு பெரிய மனிதர் தப்பு செய்தார் என்று ஆகும்.

அடுத்த விசாரணை நாளுக்கு முன்னால் மகாதேவன் சார் என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். அப்பாவை விசாரித்தார்.

"சின்னதுரையைக் காப்பாத்த ஒரு வழி இருக்கும்மா. காலியா விட வேண்டிய எடத்துல கை தவறி சைபர் அடிச்சுட்டேன்னு நீ சொல்லிட்டா, குற்றச்சாட்டு நிக்காது. மேலயும் பேசிட்டேன்."

"நீங்க சொல்லித்தானே சார் அடிச்சேன்?"

துடைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "நான் சொன்னேன்னா என் வேலை போகும். இப்பிடியே விட்டா அவன் வேலை போகும். நீ சொன்னா உனக்கு ஒரு மெமோ. எது லேசுன்னு நீயே சொல்லு."

"கை தவறி எப்பிடி சார் அத்தனை தடவை, அதுவும் அவர் பேருக்கு நேரா மட்டும்?"

"அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா" என்றார். அதுவும் உண்மைதான். யாரும் கேட்கவில்லை.

நான் எழுந்து வந்தேன். காபி அப்படியே இருந்தது. கோபத்தில் எனக்கு அழுகை வரும், அது என் சாபக்கேடு. பார்க்கிறவர்கள் பயந்து அழுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னதுரையின் மனைவி கமலம் என் வீடு தேடி வந்தாள். கையில் சின்ன வெங்காயம் ஒரு பை. நிலைப்படிக்கு உள்ளே வராமல் நின்றாள்.

"யாரு சொல்லி வந்தே?" என்றேன். எனக்குத் தெரியாதா?

"மேனேஜரு ஐயா ஆளு உட்டிருந்தாருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எங்கூட்டுக்காரரு வேலைக்குப் போயிடுவாராம். உங்களுக்கு ஒண்ணும் ஆவாதாம்."

"நான் தப்பு பண்ணலை கமலம்."

"தெரியுங்கக்கா."

"தெரிஞ்சுமா கேக்கறே?"

"தெரிஞ்சவங்ககிட்டத்தானே கேக்க முடியும்?" என்றாள். "அவரு சோறு திங்க மாட்டேங்கறாரு. ஊர்ல கூலிக்குக் கூப்பிட ஆரம்பிச்சுட்டானுவ. 'என்னடா, வெள்ளைச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் போனே, வா, களை வெட்ட வா'ன்னு வாசல்ல நின்னு கூப்புடறானுவக்கா. அவரு அப்பன் போன வயக்காட்டுக்கே. அன்னிலேருந்து அவரு வெளியவே வரலை."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

"சின்னதுரை என்ன சொல்றாரு?"

"அவருக்கு நான் வந்ததே தெரியாது. தெரிஞ்சா என்னை வெட்டிப்புடுவாரு. உங்களைப் பொய் சொல்ல வெச்சுத்தான் அந்த வேலைன்னா, வேணாம்னு சொல்லிடுவாரு. அவரு அப்பிடி. அதனால அவருகிட்ட ஒருநாளும் சொல்லிடாதீங்கக்கா. சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தேன். வெங்காயப் பையை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கடுமையாகத்தான் கொடுத்தேன். அவள் மேலும் எனக்குக் கோபம்.

விசாரணையில், "கை தவறி அடிச்சுட்டேன்" என்றேன். வக்கீல் கிளார்க்கைப் பார்த்து, "எழுதிக்கோ" என்றார். இதை மட்டும் எழுதச் சொன்னார். மகாதேவன் சார் பெருமூச்சு விட்டு, "புதுசு பாருங்க, மெஷின் பழகலை" என்று எனக்காகப் பரிந்து பேசினார்! என் வேலைக் காலம் முழுக்க ஓர் எழுத்துப் பிழைக்காக நான் ஒரு தாளைத் திருப்பி அடித்தது குறைவு. அந்தப் பெயர் அன்றோடு போனது.

மெமோ வந்தது. அதை அடித்துக் கொடுத்ததும் நான்தான், அந்த அறையில் வேறு டைப்பிஸ்ட் இல்லை. பிறகு என்னைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, மறுபடி சாக்குப்பை ஆர்டருக்கே அனுப்பினார்கள். எனக்குப் பின் வந்த பையனிடம் மகாதேவன் சார் என்ன சொன்னார் தெரியுமா? காலியாக விடாதே, முந்தின மணியின் எண்ணையே திரும்பப் போட்டுவிடு என்றார். பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு ராடு வெளியே இருந்தபோதும் அட்டவணையில் எங்கள் கில்னின் சூடு குறையவே இல்லை.

சின்னதுரை வேலைக்கு வந்த அன்று ஸ்டோர் வாசலில் என்னை எதிர்கொண்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாங்க. நீங்க கவனமில்லாம ஒரு விரலைத் தட்டினதுல எம் பொண்டாட்டி புள்ளைங்க தெருவுக்கு வரப் பாத்துச்சு. உங்களுக்கு ஒரு மெமோவோட போச்சு" என்றார். கத்தவில்லை. நீலக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அதே ஆலையில், அதே கேண்டீனில், நான் ஓய்வு பெறும்வரை அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் எனக்குக் குறை இல்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட எண்ணை வைத்து அவர் கணக்குப் போட்டார். மகாதேவன் சார் ஓய்வு பெற்றபோது சின்னதுரைதான் மேடையேறி மாலை போட்டார், 'என்னைக் காப்பாற்றிய தெய்வம்' என்று. நான் பின்வரிசையில் நின்று கைதட்டினேன். கைதட்டாமல் இருந்திருக்க வேண்டும்.

மலர் போடும் தம்பி இதை அச்சில் போடுவாரா என்று தெரியவில்லை. தமாஷ் இல்லை என்று வெட்டிவிடலாம். வெட்டினால் முழுவதும் வெட்டட்டும். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையாவது போட்டு நிரப்ப வேண்டாம்.

கமலம், அவருக்கு இப்போது கண்ணாடி போட்டாலும் எழுத்து தெரிவதில்லை என்று கேள்விப்பட்டேன். அத்தனை வருஷம் தீயைப் பார்த்த கண். சங்க மலர் உங்கள் வீட்டுக்கு வரும், நீதான் அவருக்குப் படித்துக் காட்டுவாயாம். நீ கேட்ட சத்தியத்தை நான் இத்தனை நாள் காத்தேன். இனி காக்கப் போவதில்லை. இந்தப் பக்கம் வரும்போது தாண்டிப் போகாதே. முதலிலிருந்து, உரக்கப் படி.